சோறு வரும் வரை

நடந்தது இதுதான்:

1. ஒரு புதன்கிழமை சாயங்காலம் அக்கா என்னைக் குச்சிக்கோழிக் கடைக்குக் கூட்டிப் போனார்.
2. எனக்கு வேலை போய்விட்டது, அதைச் சொல்லத்தான் கூட்டிப் போகிறார் என்று நான் நினைத்தேன்.
3. அந்தக் கடையில் சோறு கடைசியில் வரும். சோறு சாப்பிட்டு முடித்த பிறகுதான் அக்கா செய்தியைச் சொல்வார். அதனால் சோற்றை வரவிடாமல் மேலும் மேலும் கோழி வாங்கிச் சாப்பிட்டேன்.
4. என் அப்பா இறந்துவிட்டார் என்பது அக்காவுக்கு அதற்கு முன்பே தெரியும். எனக்குத் தெரியாது.
5. அப்பாவை அன்றைக்கே எடுத்துவிடுவதா, நான் வரும்வரை வைத்திருப்பதா என்று எங்கள் ஊர் கரூரில் பேசிக்கொண்டிருந்தார்கள்.
6. சோறு வந்தது.

அக்கா என்று எழுதினாலும் அவர் எனக்கு உறவில்லை. அமெரிக்காவில், சன்னிவேல் என்ற ஊரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. இந்தியாவிலிருந்து எஞ்சினியர்களை விசாவில் வரவழைத்துப் பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் அனுப்புகிற சின்னக் கம்பெனி. யாரை எங்கே அனுப்புவது, யாரை எப்போது திரும்பக் கூப்பிடுவது என்பதெல்லாம் அக்கா பொறுப்பு. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டியவர். ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அமெரிக்கர்களிடம் போனில் பேசும்போது குரல் மெல்லியதாகிவிடும். எங்களிடம் பேசும்போது தோட்டத்தில் அடுத்த வரப்பில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். எல்லாருமே அவருக்குக் கண்ணுதான். தெலுங்குக்காரர்களும் கண்ணு.

அக்கா பொய் சொல்ல மாட்டார். தள்ளிப்போடுவார். எந்தக் கெட்ட செய்தியானாலும் அதைக் கேட்கப் போகிறவரின் வயிறு முதலில் நிறைய வேண்டும். இது அவருடைய சட்டம். தனக்கும் இதே சட்டம்தான். இமிக்ரேஷனிலிருந்து கவர் வந்தால் அதை அடுப்பு மேடையில் உப்பு ஜாடி மேல் சாய்த்து வைப்பார். சமைத்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவிவிட்டுத்தான் பிரிப்பார். அவர் வீட்டில் ஒருமுறை நானே பார்த்தேன். கவரைப் பார்த்துக்கொண்டே ரசத்துக்குத் தாளித்தார்.

அங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகளுக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. நாம் தமிழில் பேசினால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண். ஒரு வாரநாளில் அக்கா பிரியாணிக்கு வெங்காயம் அரிவதைப் பார்த்துவிட்டு, “வாட் ஹேப்பன்ட்? டிட் சம்படி டை?” என்று கேட்டாள்.

“வாயக் கழுவு. உன்ற பியானோ டீச்சர் வேற ஊருக்குப் போறாங்களாம். அவ்வளவுதான்.”

“மாம், யூ ஜஸ்ட் டோல்ட் மீ. ஐ ஹேவ்ன்ட் ஈவன் ஈட்டன்.”

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது விநோதமாகத் தெரியாது. சாவுச் செய்தி கொண்டுவருகிறவர், அதைக் கேட்க வேண்டியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வாசலிலேயே நிற்பார். சொல்லிவிட்டால் கையிலிருக்கும் கவளத்தை வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். எடுத்து முடித்து, தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் மறுபடி சாப்பாடு. அக்கா அந்த வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, வேலை போவதற்கும் கிரீன் கார்டு நிற்பதற்கும் சேர்த்துப் பயன்படுத்தினார்.

2001-இல் அதற்கு நிறைய வேலை இருந்தது. வாரம் ஒரு கம்பெனியாவது ஆட்களைக் குறைத்தது. முதலில் போகிறவர்கள் ஒப்பந்த ஆட்கள், அதாவது நாங்கள். அந்தச் செய்தியைச் சொல்ல அக்கா தேர்ந்தெடுத்த இடம் எல் கமினோ சாலையில் சலவைக் கடைக்கும் வீடியோ கடைக்கும் நடுவிலிருந்த ஜப்பானியக் கடை. கோழியைத் துண்டு துண்டாக மூங்கில் குச்சியில் கோத்துக் கரியடுப்பில் சுட்டுத் தருவார்கள். கூட்டம் அலைமோதும். வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். உள்ளே நுழைந்தால் எல்லாச் சமையல்காரர்களும் ஒரே குரலில் கத்தி வரவேற்பார்கள். கோழியில் வீணாகிற பாகமே கிடையாது. தொடை, இறக்கை, தோல், கழுத்து, ஈரல், இதயம், மண்ணீரல் எல்லாம் தனித்தனிக் குச்சியில் வரும். தின்ற குச்சியைப் போட மேஜைமேல் ஒரு மூங்கில் குவளை இருக்கும்.

ஏன் அந்தக் கடை என்று ஒருமுறை கேட்டேன்.

“ஒண்ணொண்ணா வரும். அவசரமாத் தின்னுட்டு ஓட முடியாது. அப்பறம் புகை இருக்குது பாரு கண்ணு. யாரு அழுதாலும் புகைன்னு சொல்லிக்கலாம்.”

அங்கே போய்விட்டு வந்த ஒரு மதுரைக்காரர் எங்களுக்கு விவரம் சொன்னார். “கோழி வர்ற வரைக்கும் ஊர்க்கதை. எனக்கு எத்தனை அத்தைன்னுகூடக் கேட்டாங்க. கடைசியா சோத்தை உருண்டை பிடிச்சுச் சுட்டுக் கொண்டாந்தான். அதைத் தின்னு முடிச்சதும் என் தட்டைப் பார்த்தாங்க. ஒரு பருக்கை இருந்துச்சு. அதையும் தின்ன வச்சாங்க. அப்புறம்தான், ஃப்ரைடே லாஸ்ட் டேன்னாங்க.”

“கோபம் வரலையா?”

“வயிறு ஃபுல்லா இருந்தா கோபம் மேல ஏற மாட்டேங்குதுங்க.”

சைவக்காரர் ஒருவரையும் அங்கேதான் கூட்டிப் போனார். காளான், பச்சை மிளகாய், வெங்காயத்தாள் என்று வாங்கிக் கொடுத்துவிட்டு, “அடுப்பு ஒண்ணுதான். கோழி சுட்ட அதே கம்பியிலதான் இதையும் சுடறான். சாப்பிடறதும் சாப்பிடாததும் உன்ற இஷ்டம்” என்றாராம். அவர் சாப்பிடவில்லை. அதனால் அன்றைக்கு அக்கா செய்தியும் சொல்லவில்லை. அடுத்த நாள் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து, ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கொடுத்து, பிறகு சொன்னார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் புதன்கிழமை, நான் வேலை செய்துகொண்டிருந்த கம்பெனியின் வரவேற்பறைக்கு அக்கா நேரிலேயே வந்து, “கண்ணு, பையை எடுத்துக்க. சாப்பிடப் போலாம்” என்றபோது என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன். மணி ஐந்துகூட ஆகவில்லை.

காரில் அவர் ரேடியோவைப் போடவில்லை. நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன். வக்கீலுக்குப் போன் செய்ய வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் போய்விடும். வேறு கம்பெனி கிடைக்கவில்லை என்றால் திரும்ப வேண்டும். காரை விற்க வேண்டும். வாடகைக்கு ரூம்மேட் வேறு ஆள் பார்த்துக்கொள்வாள். கடைசி வரி: அப்பாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம்.

அன்று கூட்டம் குறைவு. அடுப்புக்கு நேரெதிரே உட்கார்ந்தோம். தலையில் துண்டு கட்டிய சமையல்காரர் குச்சிகளைத் திருப்பித் திருப்பி வைத்து விசிறிக்கொண்டிருந்தார். கொழுப்பு சொட்டும்போதெல்லாம் கரி சீறியது. அக்கா தொடைக்கறி சொன்னார், இறக்கை சொன்னார். வழக்கமாக அவரும் கூடச் சாப்பிடுவார். அன்று தேநீர் மட்டும் வைத்துக்கொண்டார்.

“நீங்க சாப்பிடலீங்களாக்கா?”

“எனக்குப் பசியில்ல. நீ சாப்பிடு கண்ணு.”

அவருக்கே குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு குச்சிகளைக் கடனே என்று தின்றேன். மூன்றாவதில் எனக்கு ஒரு யோசனை வந்தது. சோறு வந்தால்தானே செய்தி? சோறு வராவிட்டால்?

“அக்கா, தோல் சொல்லலாமா?”

அக்கா முகம் மலர்ந்தது. பசி என்று யார் சொன்னாலும் அவர் முகம் அப்படி ஆகும். “சொல்லு, சொல்லு. என்ன வேணுமோ சொல்லு.”

தோல் சொன்னேன். கழுத்து சொன்னேன். கீமாவை உருண்டை பிடித்துச் சுட்டதைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் மெதுவாக மென்றேன். நடுவில் எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது. எங்கள் வீட்டு எதிரில் கோழிக்கடை வைத்திருந்தவர், எடை போடும்போது வானத்தைப் பார்த்தபடி பேசுவதை நடித்துக் காட்டினேன். நானே சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவருடைய செல்போன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கார்களுக்கு நடுவில் நின்று, கைப்பையிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசுகிற காலிங் கார்டை எடுத்துச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்தினார். பிறகு யாரையோ அதட்டிப் பேசினார். ஒரு கை இடுப்பில் இருந்தது. விரலை நீட்டி நீட்டிப் பேசினார். இந்தியா போயிருந்த கம்பெனி முதலாளியிடம் எனக்காகச் சண்டை போடுகிறார் என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் அவர்மேல் எனக்கு எவ்வளவு அன்பு வந்தது என்று சொல்ல முடியாது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஈரல் வந்தது. வெளியே கருகி உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

“எங்க வீட்ல ஈரல் எனக்குத்தானுங்க்கா. தம்பி கேட்டாலும் அப்பா தர மாட்டார். இதை அப்பா சாப்பிட்டா, உப்புப் பத்தலைம்பார்.”

அக்கா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தார்.

“புகை” என்றார்.

அந்தக் கடையில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியுமே. அப்படியானால் வேலை போனது உறுதி என்று முடிவு செய்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“சோறு சொல்லட்டுமா கண்ணு?”

“இன்னொரு ஈரல் சொல்லலாங்க்கா.”

“போதும் கண்ணு. நேரமாச்சு.”

அவர் யாரிடமும் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சோறு வந்தது. முக்கோணமாகப் பிடித்து, சோயா தடவி, இரு பக்கமும் முறுகச் சுட்ட சோறு. சாப்பிட்டேன். என் தட்டில் எதுவும் மிச்சமில்லை என்று அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். ஈரத் துண்டை எடுத்துக் கொடுத்தார். கை துடைத்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

“அப்பா போயிட்டாருங் கண்ணு. நெஞ்சு வலி. நம்மூர் நேரத்துக்கு விடியக்காலைல. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே.”

நான் கேட்ட முதல் கேள்வி: “அப்ப வேலை போகலைங்களா?”

“வேலை இருக்குது” என்றார் அக்கா. அந்தக் கேள்வியைப் பிறகு ஒருநாளும் அவர் எனக்கு நினைவூட்டியதில்லை.

அப்புறம் அவர் சொன்னவை எல்லாம் கோர்வையாகவே இருந்தன. தம்பி எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் போன் செய்திருக்கிறான். எடுத்தது ரூம்மேட். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா அன்றிரவு விமானத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். ரூம்மேட் துணிகளை மடித்துத் தந்திருக்கிறாள். பெட்டி கார் டிக்கியில் இருந்தது. பாஸ்போர்ட், திரும்பி வரும்போது சென்னையில் விசா முத்திரை குத்துவதற்கான காகிதங்கள், வேலைக் கடிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. நான் பட்டியல் போடுகிறவள். அதில் எதுவும் விட்டுப்போகவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் இன்னும் வெயில் இருந்தது. அங்கே நின்று கத்தினேன்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“மத்தியானம் மூணரை இருக்கும்.”

“இவ்வளவு நேரம் என்னைக் கோழி திங்க வச்சீங்களே! எங்கம்மாகிட்டப் பேசியிருப்பேன்ல?”

“பேசியிருந்தா சாப்பிட்டிருக்க மாட்டே. இனி ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் உனக்கு ஒரு வாய் இறங்காது. அங்க அடுப்பும் எரியாது. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

அவர் காரின்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார். “நான் கோயமுத்தூர் ஹாஸ்டல்ல இருக்கறப்ப எங்கண்ணன் லாரில அடிபட்டுப் போயிட்டான். மாமா வந்து கேட்லயே சொல்லிப்போட்டாரு. காலைல இருந்து சாப்பிடாம இருந்தவ. பஸ்ல ஒண்ணும் இல்ல, வீட்ல ஒண்ணும் இல்ல. வாசல்ல கால் வெச்சதும் மயங்கி விழுந்துட்டேன். முழிச்சப்ப தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் முகம் பாக்கல. நீ பாக்கோணும். ஏறு வண்டில.”

கோபம் மேலே ஏற மறுக்கும் என்று மதுரைக்காரர் சொன்னது என் விஷயத்தில் பொய். காரில் நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தன் போனில் எண்ணை அழுத்தி என் மடியில் வைத்தார். மறுமுனையில் என் மாமா. அம்மாவை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள், இப்போது பேச முடியாது என்றார். பிறகு, “ஏம்மா, யாரோ ஒரு அம்மா போன் பண்ணி அதட்டினாங்களே, அவங்க யாரு?” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“இன்னிக்கே எடுத்துடலாம்னு இருந்தோம். நாளைக்குன்னாலும் பரவால்ல. நீ வந்து சேர சனிக்கிழமை ஆயிடும்னாங்க. சனிக்கிழமை எடுக்கறதா, பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்கன்னேன். அதுக்கு அந்தம்மா, ‘சனிக்கிழமைன்னா ஒரு கோழியைக் கட்டி எடுங்க. அதுக்குத்தான அந்த வழக்கம் இருக்குது. பொண்ணு முகம் பாக்காம எடுத்தீங்கன்னா நான் அங்க வந்து கேப்பேன்’ அப்டீங்கறாங்க. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. நீ வா.”

கண்ணாடிக்கு வெளியே அக்கா விரல் நீட்டிப் பேசியது இதைத்தான். நான் உள்ளே கழுத்தெலும்பைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

விமானத்தில் கொடுத்த எதையும் நான் தொடவில்லை. அக்கா சொன்னபடியே ஆயிற்று. சனிக்கிழமை காலை வாசலில் இறங்கியபோது நான் மயங்கி விழவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஷேவ் செய்து வைத்திருந்தார்கள். நெற்றியில் காசு. வாய் லேசாக ஒருபக்கம் கோணியிருந்தது. எனக்கு நேரம் கொடுத்து எல்லாரும் விலகி நின்றார்கள்.

எடுக்கும்போது பாடையின் கால்மாட்டில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். சனிக்கிழமை போகிறவர் துணை தேடுவார் என்று அதைக் கூட அனுப்புவது வழக்கம். வெள்ளைக் குஞ்சு. தெருமுனை திரும்பும் வரை அது கத்தியது எனக்குக் கேட்டது. அது என்னால் வந்தது. நான் வரும்வரை வைத்திருக்காவிட்டால் சனிக்கிழமை ஆகியிருக்காது.

எல்லாம் முடிந்து, எல்லாரும் குளித்து, பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டாள். “தம்பி போன் பண்ணிட்டான்னதும் நான் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீ கூப்பிடுவே கூப்பிடுவேன்னு. விடிஞ்சு வெயில் ஏறிடுச்சு. அப்புறம்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவு நேரம் நீ எங்க இருந்தே?”

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தேம்மா” என்றேன்.

யார் சாப்பிட வைத்தது, ஏன் என்பதையும் சொன்னேன். அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “அவங்க செஞ்சது சரிதான்” என்றாள். பிறகு, “ஆனா நான் உக்காந்திருந்தேன்” என்றாள்.

திரும்பி வந்த பிறகு நான் விசாரித்துப் பார்த்தேன். அன்று மூன்றரை மணிக்கு எனக்குத் தெரிந்திருந்தாலும் நான் போனதற்கு முந்தைய விமானம் எதையும் பிடித்திருக்க முடியாது. அக்கா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பயண நேரத்தை அல்ல. அம்மா போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தை.

இப்போதைய நிலைமை இது. அந்தக் கம்பெனி அதே வருஷம் மூடிவிட்டது. அக்கா குடும்பத்தோடு வேறு மாநிலத்தில் இருக்கும் பிளானோவுக்குப் போய்விட்டார். நான் இன்னும் சன்னிவேலில்தான் இருக்கிறேன், வேறு கம்பெனியில். குச்சிக்கோழிக் கடை வாசலில் இன்னமும் வரிசை நிற்கிறது. நான் உள்ளே போவதில்லை. என் கீழ் சிலர் வேலை செய்கிறார்கள். கெட்ட செய்தி என்றால் கதவைச் சாத்திவிட்டு முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

அக்காவிடம் நானும் நன்றி சொல்லவில்லை. சண்டையையும் முடிக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவர் போன் செய்கிறார். எடுத்ததும், “சாப்பிட்டியா கண்ணு?” என்பார்.

“முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க்கா” என்பேன்.

“ஒண்ணுமில்ல கண்ணு, சும்மாதான்” என்பார்.

அதற்குப் பிறகுதான், சாப்பிட்டேனா இல்லையா என்று சொல்கிறேன்.